தண்டையோடு நிறுத்த பிள்ளைகள்

1

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நோர்வேயின் வடக்கே, நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்க முடியாத ஒரு சின்ன நகரத்து முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடமாகிவிட்டதாம். நான் கணக்கு வைத்திருக்கவில்லை. அவர்கள் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் கணக்கு வைத்திருப்பார். கிழவர் ஒருவர் காலையில் குடித்த தண்ணீருக்கும், இரவில் அவர் எத்தனை தரம் எழும்பினார் என்பதற்கும்கூட.

கேக்கைக் கையில் தந்த சூட்டோடு மேலாளர் ஹில்டே ஒரு பதவியையும் தந்தாள். இனி இரண்டாம் மாடியின் குழுத் தலைவி நான்தான். ஹில்டேக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நல்ல பெண். கோபிக்கத் தெரியாது. "உன் முதல் வேலை, குழுவுக்கு இலக்கு வைப்பது" என்றாள். "இலக்கு தெளிவாக இருக்க வேண்டும். அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று நாள் குறிக்க வேண்டும்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடித்தாள்.

அவள் அடுத்த விரலை மடிக்கும் முன்பே அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதே பாடத்தை நான் தமிழில் கேட்டிருக்கிறேன். என் ஊர் நீர்வேலியில், ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் கீழே, பிள்ளைகளின் வாங்குப் பலகையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்து கேட்டேன். அன்றைக்குச் சொல்லித்தந்தவரும் இப்படித்தான் விரல் மடித்தார். கேக்கை மேசையில் வைத்துவிட்டேன். "குளிர்கிறதா?" என்று ஹில்டே கேட்டாள். ஓம் என்றேன். இங்கே எந்தக் கேள்விக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

2

இலக்கு வைப்பதைப் படிப்பிக்க எங்களை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். சுவர் முழுக்க வண்ணத் தாள்கள். நடுவில் கோப்பியும் பழமும். ஒவ்வொருவரும் எழும்பி ஒரு இலக்குச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, முதியவர்கள் தடுக்கி விழுவதை இந்த வருடம் குறைப்போம் என்று சொல்ல எழும்பினேன். பதற்றத்தில் ஒரு சொல் விடுபட்டுப் போய், முதியவர்களை இந்த வருடம் குறைப்போம் என்று சொல்லிவிட்டேன். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? இந்த மொழியோடு நான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், இன்னும் அது என்னை விருந்தாளியாகத்தான் நடத்துகிறது.

போன வருடத்து இலக்கு ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் மாடியில் உள்ள ஒவ்வொருவரும் தினமும் வெளியே போக வேண்டும். கேட்க எவ்வளவு நல்லதாக இருக்கிறது! கோடை முழுக்க நன்றாகத்தான் நடந்தது. பனி கொட்டத் தொடங்கியதும் என்ன செய்தோம் என்றால், சக்கர நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறப்போம். காற்று முகத்தில் படும். கதவைச் சாத்துவோம். 'வெளியே போனார்' என்று அடையாளம் போடுவோம். வருட முடிவில் எங்கள் மாடிக்குப் பூச்செண்டு தந்தார்கள். அதை எந்த அறையில் வைப்பது என்று ஹில்டே கேட்டபோது, முன்னொரு காலம் கடலில் மீன் பிடித்த ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "வெளியில் பனி விட்டுவிட்டதா?" என்று கேட்டார். எங்கள் கணக்கின்படி அவர் ஒரு நாளும் விடாமல் வெளியே போய் வந்தவர்.

இதை வீட்டில் மகளிடம் சொன்னேன். துளசிக்கு வயது பதினாறு. தமிழ் விளங்கும், பதில் மட்டும் நோர்வே மொழியில் வரும். அந்த மொழியில் 'நீங்கள்' என்று ஒன்று கிடையாது. அதனால் என் மகள் என்னை 'நீ' என்கிறாளா 'நீங்கள்' என்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அம்மா, அது ஒரு விளையாட்டு" என்றாள். "எல்லோருக்கும் தெரியும். எட்டக்கூடியதாக ஒன்றை எழுது, எட்டிவிடு, முடிந்தது."

"எட்டின பிறகு?"

"எட்டின பிறகு என்ன? இன்னொன்று எழுது." காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நீர்வேலிப் பள்ளிக்கூடத்து அகதி முகாம் நினைவிருக்கலாம்.

3

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது, வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு தெற்கே நடந்தது. நீர்வேலியில் நான் படித்த பள்ளிக்கூடமே முகாமானது. வகுப்பறைகளைச் சேலை கட்டிப் பிரித்து, ஒரு அறையில் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. எங்காவது குளிக்கிற சவர்க்காரம் கிடைத்தால் அது ஊருக்கெல்லாம் செய்தி. நான் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று முகாம் பிள்ளைகளுக்குப் பால்மாவும் சத்துமாவும் கொடுக்க வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு குழுவை எடுத்தது. அதில் நானும் ஒருத்தி.

எங்கள் குழுத் தலைவர் சபாநாதன் மாஸ்டர், கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் றெஜினா அக்கா. குருநகர்க்காரி. கடலோரம் இருந்த வீடு ஷெல்லில் போய், தமையன் வீட்டில் ஒதுங்கியிருந்தார். வாய் திறந்தால் முகாமின் கடைசி அறைக்கும் கேட்கும். மற்றவர்கள் என் வயதுப் பெட்டைகள்.

அந்த முதல் மாதங்களில் எங்களுக்கு இலக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. விடிய வந்து கஞ்சி கிண்டுவோம். பிள்ளைகளுக்கு ஊற்றுவோம். வராத பிள்ளை எது என்று பார்த்து, சேலை மறைப்பை விலக்கி உள்ளே போய்க் கூப்பிடுவோம். என் வாளியில் முடிந்தால் றெஜினா அக்காவின் வாளியிலிருந்து அள்ளுவேன். யாருடைய பிள்ளை, யாருடைய வாளி என்ற கதையே கிடையாது. அதைவிட நல்ல ஒரு வேலையை நான் பிறகு என் வாழ்நாளில் செய்யவில்லை.

அங்கேதான் தவமணி அக்காவைக் கண்டேன். கட்டுவனில் வெங்காயமும் புகையிலையும் போட்ட குடும்பம். கூலிக்கு ஆட்களைப் பிடித்துத் தோட்டம் செய்த அவருடைய மனுசன், இப்போது நீர்வேலியில் யாரோ ஒருவருடைய வாழைத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அரை வகுப்பறையை வீடாக வைத்திருந்தார். போனால் 'இருங்கோ' என்று ஒரு பலகையைத் துடைத்துப் போடுவார். கஞ்சி வரிசையில் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். முன்னுக்கு வரச் சொன்னால், "எல்லாரும் எடுக்கட்டும் தங்கச்சி, நாங்கள் பிறகு எடுப்பம்" என்பார். எங்கள் ஊர்களில் விருந்து வைக்கிற வீட்டார் கடைசியாகத்தானே சாப்பிடுவார்கள். அகதி முகாமில் நின்றுகொண்டும் அந்த மனுசி விருந்து வைக்கிறவளாகவே நின்றார். அவருடைய கடைக்குட்டி சுதாவுக்கு அப்போது இரண்டு வயது.

4

கொழும்பிலிருந்து திட்ட அதிகாரி வந்தது அதன் பிறகுதான். போட்டிருந்தது வெள்ளைச் சேட்டு, நல்ல தமிழ், நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். வேப்பமரத்தின் கீழே எங்களை இருத்தி, "உங்கள் இலக்கு என்ன?" என்று கேட்டார்.

மாஸ்டர் எழும்பி நின்று, "பிள்ளையளைக் காப்பாத்திறது" என்றார்.

"அது ஆசை, மாஸ்டர். இலக்கு என்றால் அளக்க வேண்டும்."

றெஜினா அக்கா கையை உயர்த்தினார். "ஐயா, முகாமிலை ஒவ்வொரு அடுப்பும் ரெண்டு நேரம் எரியவேணும். உது இலக்காகாதோ?"

"அதை எப்படி அளப்பீர்கள்?"

"புகை வருதோ எண்டு பாக்கிறதுதான்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்று அதில் மூன்று பட்டைகள். பச்சையில் இருந்தால் பிள்ளை நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. மாதம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் நிறுக்க வேண்டும். மூன்று மாத முடிவில் சிவப்பில் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாது. இதுதான் எங்கள் இலக்கு. முகாமைப் பிரித்து ஆளுக்கொரு பகுதி தந்தார். யாருடைய பகுதியில் எத்தனை சிவப்பு என்று அலுவலக அறைச் சுவரில் ஒட்டப்படும்.

"எட்டாட்டில்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பலன் காட்டாத இடத்துக்கு நிறுவனம் தொடர்ந்து அனுப்பாது. அவர்களும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டுமே."

எட்டினால் என்ன நடக்கும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. எட்டினால் நல்லதுதானே என்று நினைத்தோம். கணக்குப் படிப்பித்த மாஸ்டருக்கும் அது தோன்றவில்லை.

இரண்டு கிழமைக்குள் நாங்கள் வேறு ஆட்களானோம். புதிதாக ஒரு குடும்பம் முகாமுக்கு வந்தால் முன்பெல்லாம் ஓடிப்போய்ப் பாயும் பானையும் தேடிக்கொடுப்போம். இப்போது ஒரு பெட்டை மாஸ்டரிடம் போய், "மாஸ்டர், புதுசா வந்த சனத்தை என்ரை பக்கம் விடாதையுங்கோ, அதுகளின்ரை பிள்ளையள் எல்லாம் எலும்பு" என்று கெஞ்சினாள். என் வாளியில் கஞ்சி முடிந்தபோது றெஜினா அக்கா தன் வாளியை மற்றப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு வெட்கப்பட்டு அரை வாளி கொண்டுவந்து ஊற்றினார். அவரைக் குறை சொல்லவில்லை. சுவரில் எங்கள் பெயர்களோடு ஒட்டியிருந்த அந்தத் தாளைத்தான் விடிய வந்ததும் எல்லோரும் முதலில் பார்த்தோம்.

5

முதல் நிறுவை நாள். பள்ளிக்கூட விறாந்தைக் கூரையின் வளை மரத்தில் ஒரு வட்டத் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொளுக்கியில் துணிப்பை ஒன்றை மாட்டினோம். பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பைக்குள் இறக்கி விட்டால் அது காலை உதறி வீரிடும். மாஸ்டர் நிறையை உரத்துச் சொல்வார். அட்டையில் பார்த்து நிறத்தையும் சொல்வார். பின்னால் வரிசையில் முகாமே நின்றது.

கடைசியாகத் தவமணி அக்கா சுதாவைக் கொண்டுவந்தார். "சிவப்பு" என்றார் மாஸ்டர். வகுப்பில் சோதனைப் புள்ளி வாசித்த அதே குரல். அக்கா பிள்ளையை வாரி எடுத்துச் சீலைத் தலைப்பால் மூடினார். முகம் கறுத்துவிட்டது.

"என்ரை பிள்ளையைப் பட்டினி போட்டனான் எண்டு ஊருக்குச் சொல்லுறியளோ மாஸ்டர்? கட்டுவனிலை எங்கடை வீட்டிலை திண்ட சனம் இந்த வரிசையிலை நிக்குது."

"பிள்ளை, இது வெக்கப்படுற விசயமில்லை. உதவிக்குத்தான்."

"உதவி வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? உப்பிடிக் கூப்பிட்டுச் சொல்லாதையுங்கோ."

உலகத்தில் வேறெந்த முகாமாக இருந்தாலும், நிவாரணம் கூடக் கிடைக்கட்டும் என்று தாய்மார் பிள்ளையை மெலிவாகக் காட்டியிருப்பார்கள். எங்கள் சனம் அதற்குத் தலைகீழாகச் செய்தது. அடுத்த நிறுவை நாளுக்குப் பிள்ளைகள் கோயிலுக்குப் போவதுபோல வந்தார்கள். எண்ணெய் வைத்து வாரி, சட்டை போட்டு, காலில் வெள்ளித் தண்டை, இடுப்பில் வெள்ளி அரைஞாண். வரிசையில் நிற்கும்போதே செம்பு செம்பாகத் தண்ணீர் பருக்கினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னோம், கழற்றினார்கள். நகையைக் கழற்றச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போக அரைக் கிலோ போதும். சுவரில் சிவப்புக் குறைந்தது.

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கண்ணில் பட்டது. அந்தத் தண்டைகளில் ஒன்று நெளிந்திருந்தது. முதலில் நிறுத்த பிள்ளையின் காலிலும் அதே நெளிவு, பத்தாவது பிள்ளையின் காலிலும் அதே நெளிவு. விறாந்தைத் தூணுக்குப் பின்னால் ஒரு தாய் கழற்ற, அடுத்தவள் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அது தவமணி அக்காவின் தண்டை. இடம்பெயரும்போது விற்காமல் மிஞ்சிய ஒரே சோடி. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தன் பிள்ளைக்குப் போட்டார். கொடுத்துப் பழகிய கை.

மாஸ்டரிடம் போனேன். "மாஸ்டர், நகையோடை நிறுக்கிறம். உது பிள்ளையின்ரை நிறை இல்லை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதே, பிள்ளை? எல்லாம் வித்துப்போட்டு நிக்கிற சனம். கால்லை கிடக்கிறதையும் கழட்டெண்டு எந்த முகத்தோடை கேக்கிறது?"

"கேக்காட்டில் எழுதிறது பொய்யெல்லே?"

"இலக்கை எட்டாட்டில் மா நிண்டுபோம். அதுதான் எனக்குப் பயம்" என்றார். இரண்டு நாளாக அவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது நிறுவை நாளில், வரிசை முழுக்க முடிந்து, கடைசியாகத் தவமணி அக்கா வந்தார். சுதா என் பகுதிப் பிள்ளை. அதன் கையைப் பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. மனம் கேட்கவில்லை.

"அக்கா, தண்டையைக் கழட்டுங்கோ."

"ஏன் தங்கச்சி?"

"பிள்ளை நல்லா மெலிஞ்சுபோச்சு. உள்ளபடி எழுதினால்தான் டொக்டர் பாப்பார்."

"எல்லாப் பிள்ளையும் தண்டையோடை நிறுத்தது. என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் நீர் உந்தச் சட்டம் வைக்கிறீர்?"

நான் குனிந்து கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. சிவப்பு. அந்த மாதம் முகாம் முழுக்க ஒரே ஒரு சிவப்பு. தண்டையை என் கையிலிருந்து வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனார். அடுத்த நாள் நான் போனபோது பலகை போடவில்லை.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது துளசி குசினிக்குள் வந்து பால் எடுத்தாள். நான்கு விதப் பால் இருக்கிறது எங்கள் குளிர்ப்பெட்டியில். முகத்தைப் பார்த்து, "அழுதாயா?" என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். மேசையில் வெங்காயம் இல்லை. அவள் பார்த்தாள், என் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பிள்ளையும் எங்கேயோ தூரத்தில் நின்றுதான் என்னைத் தொடுகிறது. இலக்கை எழுத ஹில்டே தந்த தாள் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

7

திட்ட அதிகாரி திரும்பி வந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தார். "ஒரே ஒரு பிள்ளைதான் மிச்சம். இப்படி ஒரு பலனை நான் வேறெந்த முகாமிலும் காணவில்லை" என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். மாஸ்டர் அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். தாய்மார் விறாந்தை ஓரத்தில் பிள்ளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தொடர்ந்து, "அடுத்த மாதம் முதல் இங்கே வருகிற மாவையும் பால்மாவையும் வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். அங்கே சிவப்பு நிறைய. இங்கே உங்கள் வேலை முடிந்துவிட்டது" என்றார்.

றெஜினா அக்காதான் கத்தினார்: "ஐயா, மா வந்தபடியால்தானே பிள்ளையள் இந்தளவுக்கெண்டாலும் நிக்குதுகள்! நிப்பாட்டினால் என்னத்தைக் குடுக்கிறது?"

"அம்மா, இருக்கிறது கொஞ்சம். கூடத் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் தந்த கணக்கை வைத்துத்தான் முடிவெடுத்தோம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. திட்டுவதற்காவது ஒரு கெட்டவன் வேண்டுமே.

அப்போது தவமணி அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். இடுப்பில் சுதா. விறாந்தை நடுவில் நின்று பிள்ளையின் சட்டையைக் கழற்றினார். தண்டையைக் கழற்றினார். அரைஞாண்கொடியையும் அவிழ்த்தார். அத்தனை பேருக்கும் முன்னால் தானே பிள்ளையைத் தூக்கிப் பைக்குள் இறக்கினார். அது அழவில்லை. அழுகிறதற்கு அதன் உடம்பில் தெம்பிருக்கவில்லை.

"ஐயா, பாருங்கோ. தண்டை என்ரை. எல்லாப் பிள்ளையளும் போட்டு நிறுத்தது இதைத்தான். எங்களுக்குப் பசி எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது. அவ்வளவுதான். இப்ப எல்லாரையும் உப்பிடி நிறுங்கோ."

இதைச் சொல்ல அந்த மனுசி உள்ளுக்குள் எவ்வளவு செத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் தாய்மாரைப் பார்த்தேன். ஒருத்தியாவது முன்னுக்கு வருவாள் என்று நினைத்தேன். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்ல உள்ளே போனாள். இன்னொருத்தி தலையைக் குனிந்தாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு அந்நியனுக்கு முன்னால், தங்கள் ஊர்ச் சனத்துக்கு முன்னால், என் வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் விறாந்தை ஓரம் வெறுமையானது.

அதிகாரி தராசைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "அம்மா, இந்தப் பிள்ளையைச் சிவப்பு என்று ஏற்கனவே எழுதித்தானே இருக்கிறது" என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். "இதில் புதிதாக ஒன்றும் இல்லையே."

நான் குறுக்கிட்டேன். "அந்தப் பிள்ளையை மட்டும்தான் ஐயா நாங்கள் உள்ளபடி நிறுத்தது. மற்றதுகளையும் திருப்பி நிறுங்கோ."

"நிறுக்கத் தாய்மார் வர வேண்டுமே, தங்கச்சி. ஒருவரையும் காணோமே. இந்தக் கிழமை லொறியும் போகிறது. அடுத்த பரிசீலனையில் கட்டாயம் கதைப்போம்." அடுத்த பரிசீலனை மாரி மழை முடிந்த பிறகு.

தவமணி அக்கா பிள்ளையைத் தூக்கினார். சட்டையைப் போட மறந்து, அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

8

மா நின்ற பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. றெஜினா அக்கா குருநகருக்குச் சைக்கிளில் போய்க் கருவாடு வாங்கி வந்தார். நான் சுன்னாகம் சந்தையில் கழித்துவிட்ட மரக்கறி பொறுக்கிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் வீடு வீடாகப் போய் அரிசி கேட்டார். கொடுத்தார்கள், இருந்த வீட்டில் கொடுத்தார்கள். கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீரானது. பிறகு மாரி வந்தது. வகுப்பறைக்குள் வெள்ளம், கிணற்றுத் தண்ணீர் கலங்கல், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் சேலைன் இருக்கவில்லை. சுதா ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆண்கள் போன பிறகு நானும் றெஜினா அக்காவும் சேலை மறைப்பை விலக்கி உள்ளே போனோம். தவமணி அக்கா ஈரச் சுவரில் சாய்ந்து இருந்தார். என்னைக் கண்டதும், அந்த நிலையிலும், பக்கத்தில் கிடந்த பலகையைக் கையால் துடைத்து, இரும் என்று காட்டினார். எனக்குப் பலகை போடாமல் விட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் இருந்தேன். என்னை ஏசுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தங்கச்சி" என்றார். "எங்கடை பிள்ளை ஒண்டாலைதானே உங்கடை வேலை முடியாமல் குறையாக் கிடந்தது."

குத்திச் சொல்லவில்லை. அந்த முகத்தில் குத்தல் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஏதோ குறை வைத்துவிட்டவர் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னார்.

"இப்ப சிவப்பிலை ஒருத்தரும் இல்லைத்தானே?"

றெஜினா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் தவமணி அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "ஒருத்தரும் இல்லை."